தறிக்காரர் கண்ணில் எகிப்தின் மம்மிகள்

எகிப்தின் மம்மிகளைச் சுற்றிய துணி இந்தியாவில் நெய்த மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணி என்றொரு செய்தி, சேலத்தில் எங்கள் அம்மாப்பேட்டையில் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. கைத்தறி தின விழா மேடைகளில் அதைச் சொல்வார்கள். சொன்னவுடன் கைதட்டல் எழும். பாவும் ஊடையுமாகவே, அதாவது தறியின் நெடுக்கு நூலும் குறுக்கு நூலுமாகவே, வாழ்க்கையைக் கழித்த மக்களுக்கு அந்தப் பெருமிதம் இயல்பானது என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அச்செய்தி உண்மையன்று. மம்மியின் துணி எகிப்திலேயே விளைந்து, எகிப்திலேயே நெய்யப்பட்டு, பெரும்பாலும் எகிப்தியர் வீட்டிலேயே பல காலம் உடுத்தியும் விரித்தும் பழகிய துணி. மம்மியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தங்க முகமூடியையும் சாபக் கதைகளையும் விரித்துச் சொல்லி, துணியை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் என்ற முறையில், அந்தத் துணியைப் பற்றித்தான் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

துணி பருத்தியா, வேறு நாரா என்ற வழக்கு ஐரோப்பியரிடையேயும் ஒரு காலத்தில் நடந்தது. இங்கிலாந்தில் துணி அச்சடிக்கும் தொழிலில் இருந்த ஜேம்ஸ் தாம்சன் என்பவர், மம்மித் துணியின் இழைகளைப் பிரான்சிஸ் பாயர் என்ற நுண்ணோக்கி வல்லுநரிடம் கொடுத்துப் பார்க்கச் செய்து, 1834-இல் முடிவை வெளியிட்டார். பருத்தி இழை நுண்ணோக்கியில் தட்டையாகவும் தனக்குத்தானே முறுக்கிக்கொண்டும் தெரியும். ஆளிச் செடியின் நார் உருண்டையாக, கணுக் கணுவாகத் தெரியும். பார்த்த மம்மித் துணிகளில் கணுக்கள் தெரிந்தன. நாம் இன்று ஆளி விதை என்று கடையில் வாங்குகிறோமே, அந்தச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரே லினன் என்னும் துணியாகிறது. நைல் பள்ளத்தாக்கில் பருத்தித் துணி பரவலாகக் கிடைப்பது ரோமானியர் காலத்தில்தான். அதற்குள் மம்மி செய்யும் வழக்கத்துக்கு மூவாயிரம் ஆண்டு வயதாகிவிட்டது.

அந்தக் காலத்து எகிப்துக்கும் நம் தென்னாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மூக்குத் துவாரங்களில் மிளகு மணிகளை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரை மலைகளைத் தவிர வேறெங்கிருந்தும் போயிருக்க வழியில்லை. மேடையில் சொல்லிப் பெருமைப்பட ஒரு செய்தி வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். இதற்குச் சான்று இருக்கிறது.

இனி நூலுக்கு வருகிறேன். எகிப்தியர்கள் ஆளிச் செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்குவார்கள். நாரின் முழு நீளமும் வீணாகாமல் கிடைக்க அதுவே வழி. பிறகு நீரில் ஊறவைத்து, காயவைத்து, தட்டி, சீவி நாரைப் பிரிப்பார்கள். பருத்தியைப் போலப் பஞ்சிலிருந்து இழுத்து நூற்கும் முறை அங்கே இல்லை. ஒரு நாரின் நுனியோடு அடுத்த நாரின் தலையை விரல்களால் உருட்டிப் பிணைத்து நீளமாக்கி, அதைத் தண்ணீரில் நனைத்துத் தக்களியில் முறுக்கேற்றினார்கள். உட்புற அடியில் வளையம் வைத்த மண்சட்டிகள் கிடைத்துள்ளன. நார் அந்த வளையத்தின் அடியில் புகுந்து, நனைந்தபடியே மேலேறி வரும். எங்கள் தெருவில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, எகிப்தியப் பெண்கள் ஒரு சேலை நீளத் துணிக்கு எத்தனை பொறுமையைச் செலவிட்டிருப்பார்கள் என்பது விளங்கும். பாவு முழுவதையும், ஊடை முழுவதையும் அவர்கள் இப்படிப் பிணைத்தே உண்டாக்கியிருக்கிறார்கள்.

பெண்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். கி.மு. 2000 வாக்கில் வாழ்ந்த மெகெட்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையை 1920-இல் ஹெர்பர்ட் வின்லாக் தீப்ஸ் நகரின் எதிர்க்கரையில் தோண்டியபோது, மரத்தில் செய்த சிறு மாதிரிகள் நிறையக் கிடைத்தன. அவற்றில் ஒன்று நெசவுக்கூடம். இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரையில் முளை அடித்துப் படுக்கையாகக் கட்டிய தறிகள், அவற்றின் பக்கத்தில் குந்தி அமர்ந்த பெண்கள், நின்றபடி நூல் முறுக்கும் பெண்கள், சுவரில் முளைகளைச் சுற்றிப் பாவு ஓடும் பெண்கள் என அத்தனையும் கைக்கு அடக்கமான பொம்மைகளாக இருக்கின்றன. அந்தத் தறியில் மிதிகட்டை கிடையாது. இழைகளைப் பிரிக்கும் கழியைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஊடையைக் கையால் கடத்த வேண்டும். குழித்தறியில் காலுக்கு ஒரு வேலையும் கைக்கு ஒரு வேலையுமாகப் பழகிய நமக்கு அது பெரும்பாடாகத் தோன்றும். நிமிர்ந்து நிற்கும் தறி பிற்பாடு, கி.மு. 1550 வாக்கில் தொடங்கிய புதிய அரசுக் காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது; அதில் ஆண்களும் அமர்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அங்கே பெண்கள் சந்தைக்குப் போகிறார்கள், ஆண்கள் வீட்டில் இருந்து நெய்கிறார்கள் என்று வியந்து எழுதி வைத்தார்.

துணியின் தரத்தை எகிப்தியர்கள் நான்காகப் பிரித்திருந்தார்கள்: அரச லினன், நயமான மெல்லிய லினன், மெல்லிய லினன், சாதாரண லினன். ஊடையைவிடப் பாவில் இழை நெருக்கமாக இருக்கும். ஒரு கரையில் மட்டும் குஞ்சம் தொங்கும்படி நெய்யும் பழக்கமும் உண்டு. துணி எவ்வளவு கிழிந்திருந்தாலும் அந்தக் குஞ்சம் தப்பியிருந்தால், எந்தப் பக்கம் எது என்று நெசவு தெரிந்தவர் சொல்லிவிடலாம்.

உடலைப் பதப்படுத்தும் முறையை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. மிகப் பழங்காலத்தில் இறந்தவரை முடக்கிய நிலையில் சூடான மணலில் புதைத்தார்கள். மணல் ஈரத்தை உறிஞ்ச, உடல் தானே காய்ந்தது. பின்னாளில் இடப்பக்க விலாவுக்குக் கீழே கீறி, நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனித்தனியே பதப்படுத்தி, ஹோரஸ் என்ற தெய்வத்தின் புதல்வர் நால்வரின் காவலில் ஒப்படைத்தார்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கியால் எடுத்தார்கள். இதயத்தை உள்ளேயே விட்டார்கள். அறிவும் நினைவும் அதில்தான் இருக்கின்றன என்பதும், மறுமையில் தராசில் நிறுக்கப்படுவது அதுவே என்பதும் அவர்கள் நம்பிக்கை. பிறகு ஏறத்தாழ 40 நாள் உடலை நேட்ரான் என்னும் காரவுப்பில் மூடி வைத்தார்கள். இறந்த நாள் முதல் அடக்கம் வரை எல்லாம் சேர்த்து 70 நாள் என்பது வழக்கமான கணக்கு.

நேட்ரான் நமக்கு அந்நியமான பொருளன்று. கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நேட்ரூன் பள்ளத்தில் ஏரிகள் வற்றும்போது படியும் இந்த உப்பில் சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் பெரும்பங்கு. கறியுப்பும் சிறிது கலந்திருக்கும். நம் வண்ணார்கள் துணி வெளுக்க எடுத்துவந்த உவர்மண்ணின் வேலையைச் செய்வதும் இதே சோடாதான். சேலத்தில் வெண்பட்டு வேட்டிக்கான நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்துப் பசையை நீக்குகிறார்கள். எகிப்தியர்களும் லினனை அலசி வெளுக்க நேட்ரானைப் பயன்படுத்தினார்கள். துணியைத் தூய்மையாக்கிய பொருளே உடலையும் தூய்மையாக்கியது. ஈரத்தை உறிஞ்சுவதோடு கொழுப்பையும் அது கரைத்துவிடும் என்பதால், வெறும் உப்பைவிட அது சிறந்தது என்பதை அனுபவத்தால் கண்டிருக்கிறார்கள்.

துணிக்கும் மம்மிக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பது 2014-இல்தான் தெளிவானது. மோஸ்டகெடா, படாரி என்ற இடங்களில் முன்பே தோண்டியெடுத்த கல்லறைகளின் துணித் துண்டுகளைச் சோதித்தபோது, தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் பைன் மரப் பிசினும் கலந்த கலவையில் அவற்றை ஊறவைத்திருந்தது தெரிந்தது. அவற்றில் சில கி.மு. 4000-க்கும் முற்பட்டவை. உள்ளுறுப்பை எடுக்கவும் நேட்ரானில் உலர்த்தவும் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்னரே, பிசினில் தோய்த்த துணியை உடலில் சுற்றும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே மம்மிக் கலை கத்தியில் தொடங்கவில்லை, துணியில்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

மெகெட்ரேயின் கல்லறைக்கு அருகிலேயே, அவரிடம் பண்டகசாலை மேற்பார்வையாளராகப் பணியாற்றிய வாஹ் என்ற இளைஞரின் சிறு கல்லறையும் கலையாமல் கிடைத்தது. அந்த மம்மி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், 1930-களில் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்ட பிறகு பிரிக்கப்பட்டது. அதில் சுற்றியிருந்த லினன் சுமார் 375 சதுர மீட்டர். நம் எட்டு முழ வேட்டியைக் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ எண்பது வேட்டி. அரசர் அல்லர், அமைச்சர் அல்லர். ஒரு பெரிய மனிதரிடம் சம்பளத்துக்கு இருந்த, முப்பது வயதையொட்டி இறந்த ஒருவருக்கு இத்தனை துணி. அகலமான விரிப்புகளை மடித்து மடித்து மெத்தையாக வைத்து, நாடாக்களாகக் கிழித்தவற்றால் இறுக்கிக் கட்டி, மீண்டும் விரிப்பு, மீண்டும் நாடா என்று அடுக்கியிருக்கிறார்கள். பல விரிப்புகளின் மூலையில் மையால் எழுதிய குறிகள் உண்டு. வாஹின் பெயரே சிலவற்றில் இருக்கிறது. சுற்றும்போது ஓர் எலியும் ஒரு பல்லியும் ஒரு சிள்வண்டும் மடிப்புக்குள் அகப்பட்டு, நாலாயிரம் ஆண்டு அவரோடு இருந்திருக்கின்றன. நகைகளை எடுப்பதற்காக மட்டும் அவசரமாக அறுத்திருந்தால் இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மடிப்பையும் குறித்துக்கொண்டே பிரித்ததால்தான் இன்று நாம் படிக்கிறோம்.

பிணத்துக்குப் போடும் துணி புதிதாக இருக்க வேண்டும் என்பது நம் ஊர் முறை. பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று கடைக்குப் போய் மடிப்புக் கலையாத துணியை வாங்கி வருகிறோம். இரவு எந்நேரமானாலும் கோடித் துணி கேட்டால் கடையைத் திறந்து கொடுக்கும் துணிக்கடைக்காரர்கள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். எகிப்தில் புதுத்துணியும் போட்டார்கள் என்றாலும், பெரும்பகுதி பழந்துணிதான். படுக்கை விரிப்பு, உடுப்பு, போர்வை எல்லாம் கிழிக்கப்பட்டு நாடாவாயின. இழையோட்டித் தைத்த கிழிசல்களும், பலமுறை துவைத்து நைந்த இடங்களும், சட்டையின் கழுத்து வெட்டும் மம்மி நாடாக்களில் தென்படுகின்றன. வறுமைதான் காரணம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது, வசதியானவர்களும் அப்படித்தான் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது மேனியில் பட்ட துணியே இறந்தபின்னும் உடன் வர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இந்த எண்ணத்தை வலுப்படுத்தும் ஒரு கல்லறையை 1906-இல் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி, தீப்ஸ் அருகே கல்லறைத் தொழிலாளர் குடியிருந்த தேர் எல்-மெதீனாவில் திறந்தார். அரச கல்லறைகளைக் கட்டும் பணிகளை மேற்பார்த்த கா என்பவரும் அவர் மனைவி மெரிட்டும் அதில் இருந்தார்கள். இப்போது இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லறைப் பொருள்கள் ஏறக்குறைய முழுவதும் இருக்கின்றன: கட்டில், முக்காலி, ரொட்டி, மெரிட்டின் அழகுப் பெட்டி, பொய்முடி, மடித்து வைத்த உடுப்புகள். காவின் துணிகளில் அவருடைய அடையாளக் குறி தைத்தோ எழுதியோ இருக்கும். சலவைக்குப் போய்வரும் துணி மாறிவிடாமலிருக்க நம் வீடுகளில் வண்ணான் குறி போட்டதும் இதே தேவைக்குத்தான். மெரிட் எதிர்பாராமல் கணவருக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கென்று பெட்டி செய்து முடிந்திருக்கவில்லை. கா தனக்காகச் செய்து வைத்திருந்த பெட்டியிலேயே மனைவியைக் கிடத்தினார். உடலுக்குப் பெட்டி மிகப் பெரிதாக இருந்ததால், சுற்றிலும் இருந்த இடைவெளியை வீட்டுத் துணிகளால் நிரப்பினார்கள். அந்தத் துணிகளில் இருப்பது காவின் குறி. இருவர் உடலும் இதுவரை பிரிக்கப்படவில்லை; ஊடுகதிர்ப் படங்கள் வழியாக மட்டுமே உள்ளே உள்ள நகைகளைக் கண்டிருக்கிறார்கள். அது அப்படியே தொடர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏழைகளுக்கு இவ்வளவெல்லாம் இல்லை. அக்கநாதன் மன்னர் எழுப்பிய அமர்னா நகரில், நகரை உண்டாக்கிய உழைப்பாளிகளின் இடுகாட்டை ஆராய்ந்தபோது, உடலை ஒரு துணியில் சுற்றி, குச்சிகளைக் கோத்த பாயில் உருட்டி, மணலில் குழிவெட்டிப் புதைத்திருப்பதே பெரும்பாலும் தெரிய வந்தது. பதப்படுத்தியதற்கு அடையாளமில்லை. ஆனாலும் துணி இருந்தது. நெசவுக்கென்று அவர்கள் வணங்கிய தாயித் என்ற தெய்வமே மம்மியின் நாடாக்களைத் தருகிறாள் என்று நம்பினார்கள். சினூஹே என்பவரின் பழங்கதையில், வெளிநாட்டில் முதுமையடைந்த அவரை ஊருக்குத் திரும்பி வரும்படி அரசர் எழுதும் கடிதத்தில் காட்டும் ஆசையே இதுதான்: இங்கே வந்தால் எண்ணெயும், தாயித்தின் கையால் சுற்றும் துணியும் உனக்குக் கிடைக்கும், அங்கே இறந்தால் ஆட்டுத்தோலில் வைத்துப் புதைப்பார்கள்.

நம் மண்ணில் இவையெதையும் எதிர்பார்க்க முடியாது. ஏற்காட்டில் குடியிருந்த ஆங்கிலேய நிலவியலாளர் புரூஸ் ஃபூட் சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கற்கோடரிகளைச் சேகரித்தார். கொடுமணலிலும் கீழடியிலும் தக்களி வில்லைகள் கிடைத்துள்ளன. நூற்றதற்குச் சான்று இருக்கிறது, நூற்ற நூல் இல்லை. மழையும் ஈரமண்ணும் கறையானும் துணியை விட்டுவைப்பதில்லை. நம் முன்னோர் என்ன நயத்தில் நெய்தார்கள் என்பதைச் சங்கப் பாடல்களின் உவமைகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் துணியே கைக்குக் கிடைத்த எகிப்தில் அதை வீணடித்த செய்திகளைப் படிக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எகிப்தின் அபிடோஸில் முதல் வம்சத்து அரசர் ஜெரின் கல்லறையில், ஆங்கிலேயத் தொல்லியலாளர் பெட்ரியின் ஆட்கள் 1901 வாக்கில் சுவர்ப் பொந்து ஒன்றிலிருந்து துணி சுற்றிய ஒரு கையைக் கண்டெடுத்தார்கள். அதில் தங்கமும் நீலமணியும் கோத்த நான்கு காப்புகள் இருந்தன. கெய்ரோ அருங்காட்சியகத்தில் எமில் பிரக்ஷ் காப்புகளை வைத்துக்கொண்டு, கையையும் துணியையும் தூக்கி எறிந்துவிட்டார். அந்தக் கல்லறைத் துணியில் அங்குலத்துக்குப் பாவில் 160 இழையும் ஊடையில் 120 இழையும் இருந்ததாகப் பதிவு உள்ளது. தறியில் அமர்ந்த எவரிடமும் இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். விரலால் பிணைத்த நாரில், மிதிகட்டை இல்லாத தறியில், ஐயாயிரம் ஆண்டுக்கு முன் இந்த நெருக்கம் என்றால் அந்தக் காப்புகளைவிடத் துணியைத்தான் பார்க்கக் கேட்பார்கள். துட்டன்காமன் மன்னரின் கதை வேறு விதம்: 1925 நவம்பரில் அவருடைய கட்டுகளைப் பிரித்தபோது, மேலே ஊற்றிய தைலங்கள் நூற்றாண்டுகளாக வேதிவினை புரிந்து துணியைக் கரியாக்கியிருந்தன, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது.

குரோவேசியாவின் சாக்ரெப் நகரில் இன்னொரு துணி இருக்கிறது. மிஹாயிலோ பாரிச் என்பவர் 1848-இல் அலெக்சாந்திரியாவில் வாங்கிய மம்மியின் நாடாக்களில் எழுத்து இருப்பது தெரிந்தும், அது என்ன மொழி என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1891-இல் யாக்கோப் கிரால் அதைப் பண்டைய இத்தாலியில் வழங்கிய எட்ருஸ்கன் மொழி என்று கண்டறிந்தார். இத்தாலியில் லினனில் எழுதிய ஒரு சமய நூல் எப்படியோ எகிப்துக்கு வந்து, பழந்துணியாகக் கைமாறி, நீளநீளமாகக் கிழிக்கப்பட்டு ஒரு பெண்ணின் உடலைச் சுற்றியிருக்கிறது. அம்மொழியில் இன்று கிடைக்கும் மிக நீண்ட எழுத்து அதுவே. சுமார் 1,200 சொற்களைப் படிக்க முடிகிறது.

சேலத்திலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள மம்மி ஹைதராபாத்தில், பொதுத் தோட்டத்து அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயிர்வளி நீக்கிய கண்ணாடிப் பெட்டியில் 2016 முதல் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலில் உள்ள டூட்டு என்ற பெண்ணின் மம்மியை 2020 ஆகஸ்டு மழையில் வெள்ளம் புகுந்தபோது ஊழியர்கள் பெட்டியை உடைத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். ஹைதராபாத்துக்குப் போகிற தறிக்காரர்கள் முகத்தருகே கூடும் கூட்டத்தை விட்டு விலகி, துணி தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பாவு எது, ஊடை எது, கிழித்த ஓரமா நெய்த கரையா, நாடா எந்தத் திசையில் சுற்றி வருகிறது என்று பாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் குறிப்பில் இவை இருக்காது; நமக்குத்தான் தெரியும்.